அக்சியன் தேடலுக்கான பரிவுக்குழி: கியூவைக் கூட்டினால் போதுமா?

கேள்வி (மே 11)

அக்சியன் என்பது கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும், இன்னும் யாரும் காணாத ஒரு துகள். அதைத் தேட உலோகக் குழிகளைப் பயன்படுத்துகிறார்கள். கியூ என்பது குழிக்குள் எழுந்த அலை எவ்வளவு மெதுவாக அடங்குகிறது, அதன் பரிவு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு. கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிற தங்கச்சி ஒருவர் கேட்டது: "அண்ணை, குழியின் கியூ கூடினால் சமிக்ஞையும் கூடும் என்றுதான் எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். துகள் முடுக்கிகளில் நையோபியம் குழிகளின் கியூ ஆயிரம் கோடி வரை போகிறது. அதே மாதிரி மீக்கடத்தியால் ஒன்று செய்தால் கரும்பொருள் பிடிபட்டுவிடாதா? ஏன் இன்னும் செப்போடு மாரடிக்கிறார்கள்?"

மே 11, இரவு

நையோபியம் கடுங்குளிரில் மின்தடை இல்லாத மீக்கடத்தியாகும் உலோகம்தான், ஆனால் இங்கே உதவாது. அக்சியன் மின்காந்த அலையாக மாறுவதற்கு வலுவான காந்தப்புலம் வேண்டும். பியர் சிக்கிவி 1983-இல் சொன்ன வழியே அதுதான்: பெரிய காந்தத்துக்குள் ஒரு உலோகக் குழியை வை, அக்சியனின் திணிவுக்குப் பொருந்தும் மீடிறனுக்கு, அதாவது அதிர்வெண்ணுக்கு, குழியை இசைத்துக்கொள், உள்ளே எழும் மெல்லிய மைக்ரோ அலையைக் கேள். அமெரிக்காவின் சியாற்றிலில் நடக்கும் ஏ.டி.எம்.எக்ஸ். பரிசோதனையில் காந்தம் 8 ரெஸ்லாவுக்குக் கிட்ட. நையோபியம் 1 ரெஸ்லாவையே தாங்காது, சாதாரண உலோகமாகிவிடும். முடுக்கிக் குழிகளுக்கு அந்தக் கவலை இல்லை. அவற்றை வெளிக் காந்தப்புலம் அண்டாமல் மூடித்தான் வைப்பார்கள்.

இரண்டாவது காரணம். நம்மைச் சூழ்ந்த அக்சியன்கள் ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் திரிவதாகக் கணக்கு. அதனால் சமிக்ஞையின் மீடிறன் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு அகன்று இருக்கும். அதாவது அக்சியனுக்கே ஒரு கியூ உண்டு, அது ஏறத்தாழ பத்து லட்சம். குழியின் கியூ அதைத் தாண்டினால் கிடைக்கும் வலு மேலே ஏறுவது நின்றுவிடும். கியூ ஆயிரம் கோடி இருந்தாலும் வலு கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். நாளைக்கு எழுதுகிறேன்.

மே 12

அக்சியனின் திணிவு யாருக்கும் தெரியாது. எனவே எந்த மீடிறனில் கேட்பது என்பதும் தெரியாது. 1 கிகாஹேர்ட்ஸ் என்பது 4.136 மைக்ரோ இலத்திரன்வோல்ற்றுத் திணிவுக்குப் பொருந்தும். தேட வேண்டிய பரப்போ நூற்றுக்கணக்கான மெகாஹேர்ட்ஸில் தொடங்கிப் பல பத்துக் கிகாஹேர்ட்ஸ் வரை போகிறது. குழியை ஒரு துளி நகர்த்து, கேள், இன்னொரு துளி நகர்த்து, கேள். இதுதான் வேலை. ஆகவே ஒரு வடிவமைப்பை எடைபோட வேண்டிய அளவு வலு அல்ல, தேடும் வேகம். அந்த வேகம் எதெதோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்:

காந்தப்புலத்தின் நான்காம் அடுக்கு. குழியின் கனவளவின் வர்க்கம். வடிவக் காரணியின் (குழிக்குள் இருக்கும் அலை காந்தப்புலத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) வர்க்கம். கியூவின் முதலாம் அடுக்கு மட்டும். இவை எல்லாவற்றையும் இரைச்சல் வெப்பநிலையின் (குழியும் பெருக்கியும் எழுப்பும் இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

கியூவை இரண்டு மடங்காக்க உயிரைக் கொடுத்தால் வேகம் இரண்டு மடங்கு. கனவளவை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. தங்கச்சி, நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சமன்பாட்டில் எல்லாவற்றையும்விடக் குறைவாகக் கைகொடுக்கும் எழுத்து.

மே 12, பிற்பகல்

வலு எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏ.டி.எம்.எக்ஸ். போன்ற ஒன்றில் 10-இன் -22 அல்லது -23ஆம் அடுக்கு உவாற்று. 1 கிகாஹேர்ட்ஸில் ஒரு போட்டோனின் சக்தி 6.6 × 10-இன் -25ஆம் அடுக்கு யூல். வகுத்துப் பார்த்தால் செக்கனுக்கு 15 முதல் 150 போட்டோன்கள். இதைக் கேட்க முடிகிறது என்பதே எனக்கு இன்னும் பெரிய வியப்பு.

மே 14

வடிவக் காரணி என்றால் என்ன என்று சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். நான் உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கிற விதத்திலேயே சொல்கிறேன்.

காந்தச் சுருள் ஒன்றின் நடுவில் புலம் அச்சு வழியே நேராக நிற்கும். அக்சியன் அந்தப் புலத்தில் உண்டாக்கும் மின்புலமும் அதே திசையில்தான். எனவே குழிக்குள் வாழும் அலையின் மின்புலமும் அச்சு வழியே, குழி முழுக்க ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் இரண்டும் கைகோக்கும். குழியின் ஒரு பாதியில் மேலே, மறு பாதியில் கீழே என்று இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

குழிக்குள் அலை நிற்கக்கூடிய ஒவ்வொரு விதத்தையும் பாங்கு என்பார்கள். வெறும் உருளையில் ரி.எம்.010 என்ற பாங்குக்கு இந்தக் காரணி 0.69. அடுத்த ரி.எம்.020-க்கு 0.13. ரி.எம்.011-இல் மின்புலம் அச்சு வழியே போகப் போகத் திசை மாறிவிடுவதால் பூச்சியம். ரி.ஈ. குடும்பம் முழுவதற்கும் பூச்சியம், ஏனெனில் அவற்றில் அச்சு வழி மின்புலமே கிடையாது. ஆயிரம் பாங்குகள் இருந்தாலும் நமக்கு வேலை செய்வது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை என்ன செய்யும்? தொல்லை கொடுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

ரி.எம்.010-இன் மீடிறன் ஆரையை மட்டும் பொறுத்தது, நீளம் கணக்கில் வராது. ஆரை 11.5 சென்ரிமீற்றர் என்றால் 1 கிகாஹேர்ட்ஸ். 10 கிகாஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் ஆரை 1.15 சென்ரிமீற்றர், ஒரு விரல் நுழையும் குழாய். தேடல் மேல்மீடிறனுக்குப் போகப் போகக் கனவளவு கையை விட்டுப் போகிறது. இந்தத் துறையின் பெரிய தலைவலி இதுதான், கியூ அல்ல.

மே 19

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதில் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்டார்கள். காந்தம் கிடையாது, திரவ ஹீலியம் கிடையாது, அக்சியன் தேட முடியாது. ஆனால் குழியை வடிவமைக்கலாம், செய்யலாம், அறை வெப்பநிலையில் அளக்கலாம். உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களிலும் குழி முதலில் மேசையில்தான் அளக்கப்படுகிறது. என்னிடம் படித்து முடித்த சில பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றைச் செய்து பார்த்தேன். உள் ஆரை 5, நீளம் 25 சென்ரிமீற்றர். கணக்குப்படி ரி.எம்.010 மீடிறன் 2.295 கிகாஹேர்ட்ஸ்.

தடித்த செப்புக் குழாய் அந்த அளவில் அகப்படவில்லை. கன்னாதிட்டிப் பக்கம் குடமும் அண்டாவும் திருத்துகிற ஒரு ஐயாவிடம் போனோம். செப்புத் தகட்டை உருளையாகச் சுருட்டி நெடுக்காக வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டித் தந்தார். அந்த ஒட்டு குழியைக் கெடுத்துவிடாதா என்று பிள்ளைகளுக்குப் பயம். கெடுக்காது. ரி.எம்.010-இல் சுவரில் ஓடும் மின்னோட்டம் அச்சு வழியே மேலும் கீழுமாகத்தான் ஓடும். ஒட்டும் அதே திசையில் கிடக்கிறது. மின்னோட்டம் அதைக் குறுக்கே கடக்கவே இல்லை. ஐயா பத்து ஒட்டு வைத்திருந்தாலும் நெடுக்காக வைத்திருந்தால் கவலை இல்லை.

கவலை மூடிகளில். சுவர் வழியே வந்த மின்னோட்டம் மூடிக்குள் திரும்பி நடுவை நோக்கி ஓட வேண்டும். சுவரும் மூடியும் சந்திக்கும் வட்டத்தை அது முழுவதுமாகக் கடக்கிறது. தட்டையான மூடியைப் போல்ட் போட்டு இறுக்கி அளந்தபோது கியூ 9,000-க்குப் பக்கத்தில் நின்றது. கணக்கோ 30,000 சொல்கிறது: ஆரையைத் தோல் ஆழத்தால் (மின்னோட்டம் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம்) வகுத்து, அதை 1.2-ஆல் வகுக்க வேண்டும், செப்பில் 2.3 கிகாஹேர்ட்ஸில் தோல் ஆழம் ஏறத்தாழ 1.37 மைக்ரோமீற்றர். அப்புறம் கொக்குவிலில் ஒரு லேத் பட்டறையில் மூடியின் உள் விளிம்பில் மெல்லிய வரம்பு ஒன்று கடைந்து எடுத்தோம். போல்டின் அழுத்தம் முழுவதும் அந்த வரம்பில் போய் விழும், செப்பு செப்பை நசுக்கிப் பிடிக்கும். கியூ 21,000 வந்தது. நகை மெருகு போடுகிறவரிடம் உட்புறத்தை மெருகேற்றிய பிறகு இன்னும் கொஞ்சம் ஏறியது. மின்னோட்டம் 1.37 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. கீறல் அதைவிட ஆழமாக இருந்தால் அது மேடுபள்ளம் ஏறி இறங்கி ஓட வேண்டியிருக்கும்.

உருளை சரியான வட்டமாக இல்லையே என்று ஐயா வருத்தப்பட்டார். ரி.எம்.010-க்குச் சிறு கோணல் பெரிய விஷயம் இல்லை; பரப்பளவு மாறாமல் சற்று நீள்வட்டமானால் மீடிறன் அசைவது மிகக் குறைவு.

மே 20

அளவுக் கருவி பற்றிக் கேட்டவர்களுக்கு: 6 கிகாஹேர்ட்ஸ் வரை போகும் கையடக்க நெட்வேர்க் அனலைசர் போதும். ஆனால் மின்விசிறிக்குக் கீழே வைத்து அளக்காதீர்கள். செப்பு ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். இந்தக் குழியில் அது 39 கிலோஹேர்ட்ஸ். கியூ 20,000 என்றால் பரிவின் அகலமே 115 கிலோஹேர்ட்ஸ்தான். மூன்று பாகை மாறினால் சிகரம் தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். ஈரக் காற்றும் உண்டு: நம் ஊர்க் காற்று வெற்றிடத்தோடு பார்க்கையில் மீடிறனைப் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்கு கீழே இழுக்கிறது, மழைக்கு முன்னும் பின்னும் அது மாறும். விடியற்காலையில் அளப்பது நல்லது.

மே 26

இனித் தொல்லைப் பாங்குகள்.

குழியை இசைப்பதற்கு உள்ளே ஒரு உலோகக் கோல் போடுவார்கள். கோல் சுவரோரம் இருக்கும்போது மீடிறன் குறைவு; நடுவை நோக்கி நகர்த்த ஏறும். எங்கள் குழியில் 8 மில்லிமீற்றர் பித்தளைக் கோல். நடுவுக்கு வரும்போது 3 கிகாஹேர்ட்ஸை நெருங்குகிறது. பார்க்க அழகாக இருக்கும், சிகரம் திரையில் நடந்து போகும்.

நடந்து போகும் வழியில் ரி.ஈ. பாங்குகள் மறித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் மீடிறன் குழியின் நீளத்தையும் பொறுத்தது. கோல் நகர்வதை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வெறும் உருளைக்குக் கணக்குப் போட்டால் ரி.ஈ.113 2.51-இலும், ரி.ஈ.114 2.97 கிகாஹேர்ட்ஸிலும் விழுகின்றன. ரி.எம்.010 அங்கே வரும்போது இரண்டும் கலந்துவிடும். ஒரே கொப்பில் கட்டிய இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடத் தொடங்குமே, அதுதான் நடக்கிறது. கலந்த அலையில் அச்சு வழி மின்புலம் பாதியாகிவிடுகிறது, வடிவக் காரணி சரிகிறது, அந்த மீடிறனில் அக்சியன் இருந்தாலும் நமக்குக் கேட்காது. தேடல் முடிவுகளின் வரைபடங்களில் நடுநடுவே இடைவெளி தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நீளத்தைப் பாதியாக்கினால்? 12.5 சென்ரிமீற்றரில் 2.51-இல் இருந்த சந்திப்பு காணாமல் போய்விடும். ஆனால் கனவளவு பாதி, வேகம் நான்கில் ஒன்று. ஒரு தடையை நீக்கக் கொடுக்கிற விலை அது. நான் கொடுக்க மாட்டேன். நீளத்தை ஒரு சென்ரிமீற்றர் மட்டும் மாற்றி இன்னொரு குழி செய்து, முதலாவதன் இடைவெளிகளை இரண்டாவதால் நிரப்புவேன். குழியைத் திரவ ஹீலியத்தால் நிரப்புகிற உத்தியும் உண்டு: எல்லாப் பாங்குகளும் ஏறத்தாழ 3 சதவீதம் கீழே இறங்கும், சந்திப்பும் சேர்ந்து இறங்கும், முன்பு மறைந்திருந்த மீடிறன் வெளியே வரும்.

யூன் 2

கோல் சரிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மே 26 குறிப்புக்குக் கீழே கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, ஏனென்றால் கியூவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கோல் ஒரு முனையில் அரை மில்லிமீற்றர் சரிந்தாலும் மின்புலம் முழுக் குழியிலும் பரவி நிற்காமல் ஒரு முனையில் போய்க் குவிந்துவிடும். கியூ அப்படியே இருக்கும். வடிவக் காரணி மட்டும் விழும். திரையில் சிகரம் அருமையாகத் தெரியும், குழி செவிடாக இருக்கும்.

இதற்கு மணி இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூடிகளிலும் சிறு துளை. பாசையூரில் வாங்கிய மெல்லிய தங்கூசியில் (தூண்டில் நைலோன் நூல்) ஒரு சின்னத் தெஃப்லோன் மணியைக் கோத்து, ஒரு துளையால் விட்டு மறு துளையால் இழுக்கிறோம். மணி நிற்கும் இடத்தில் மின்புலம் எவ்வளவு வலுவோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மீடிறன் கீழே இறங்கும். மில்லிமீற்றர் மில்லிமீற்றராக இழுத்துக் குறித்துக்கொண்டால் குழிக்குள் இருக்கும் புலத்தின் படமே தாளில் வந்துவிடும். கோல் நேராக இருந்தால் கோடு தட்டை. சரிந்திருந்தால் ஒரு பக்கம் மேடு. கோலைத் தாங்கும் முனையை ஒரு நூலளவு திருப்பி மறுபடி இழுக்க, மேடு தணிவது தெரியும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைத் தங்கூசியால் தடவிப் பார்த்த அந்தப் பின்னேரம் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றார்கள்.

யூன் 3

"யாழ்ப்பாணத்தில் காந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள், எம்.ஆர்.ஐ. இயந்திரம் காந்தம்தானே?" என்று ஒரு அண்ணை கேட்கிறார்.

காந்தம்தான். வழக்கமான எம்.ஆர்.ஐ. 1.5 ரெஸ்லா. 8 ரெஸ்லாவோடு ஒப்பிட்டால் நான்காம் அடுக்கில் 800 மடங்கு மெதுவு.

யூன் 4

நேற்று எழுதியதை இரவு யோசித்துப் பார்த்தேன். அண்ணையின் கேள்விக்கு இன்னும் நியாயமான பதில் வேண்டும், ஏனென்றால் எம்.ஆர்.ஐ.யின் வாய் மிகப் பெரியது. 30 சென்ரிமீற்றர் ஆரையும் ஒன்றரை மீற்றர் நீளமும் உள்ள குழி உள்ளே போகும் என்று வைத்தால் 400 லீற்றரைத் தாண்டும். ஏ.டி.எம்.எக்ஸ். குழி 136 லீற்றர். கனவளவின் வர்க்கம் கிட்டத்தட்ட 10 மடங்கு லாபம் தருகிறது. 800 இப்போது 80 ஆகிவிட்டது! மீடிறன் 380 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையில் கழுத்தை நெரிப்பது வெப்பநிலை. ஏ.டி.எம்.எக்ஸ்.இல் குழியையும் பெருக்கியையும் சேர்த்து இரைச்சல் வெப்பநிலை 1 கெல்வினுக்குக் கீழே. மனிதர் படுக்கும் அந்த வாய் அறை வெப்பநிலையில், 300 கெல்வினில் இருக்கிறது. வர்க்கம் எடுத்தால் ஒரு லட்சம் மடங்கு போய்விட்டது. அந்த வாய்க்குள் 400 லீற்றர் குழியையும் அதைக் குளிர்விக்கும் கலத்தையும் சேர்த்து நுழைக்க இடம் வராது. நோயாளிகளை அனுப்பிவிட்டு இயந்திரத்தைக் கேட்கவும் முடியாது.

யூன் 15

மேல்மீடிறனில் கனவளவை எப்படி மீட்பது? இதற்கான விடைகள்தான் என்னைத் தூங்கவிடாதவை.

ஒன்று, சிறு குழிகள் பலவற்றை ஒரே காந்தத்துக்குள் அடுக்கி எல்லாவற்றையும் ஒரே மீடிறனில் பிடித்துச் சமிக்ஞைகளைக் கூட்டுவது. ஏ.டி.எம்.எக்ஸ். அந்த வழியில் போகிறது. ஒவ்வொரு குழிக்கும் தனிக் கோல், தனி அன்ரெனா, எல்லாம் ஒரே தாளத்தில் நிற்க வேண்டும்.

இரண்டு, தென்கொரியாவின் டேஜோன் நகரில் அக்சியன் ஆய்வுக்கென அமைந்த காப் மையத்தின் வழி. ஒரு பெரிய உருளையைப் பீட்ஸாத் துண்டுகளாக உள்தகடுகளால் பிரிக்கிறார்கள். தகடுகள் நடுவில் சந்திக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியால் எல்லா அறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்; நடுவில் ஒரே அன்ரெனா போதும். காந்தத்தின் வாய் வீணாகவில்லை, மீடிறன் ஏறிவிட்டது, கம்பிகள் குறைந்துவிட்டன. கனவளவும் வடிவக் காரணியும் வர்க்கத்தில் வருகின்றன என்பதை முழுமையாக உணர்ந்து செய்த வடிவமைப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

மூன்று, 2019-இல் வந்த யோசனை: குழிக்குள் மெல்லிய கம்பிகளை ஒழுங்கான இடைவெளியில் நிறைய நிறுத்தினால் பரிவு மீடிறனைக் கம்பிகளின் இடைவெளி தீர்மானிக்கும், குழியின் அளவு அல்ல. ஆரைக்கும் மீடிறனுக்கும் இருந்த கட்டு அறுந்துவிடுகிறது! அல்ஃபா என்ற பரிசோதனை இதன் மேல் எழுகிறது. கம்பிகளில் கியூ விழும்தான். விழட்டும், அது முதலாம் அடுக்கில்தானே இருக்கிறது.

யூன் 16

அன்ரெனா பற்றி ஒரு வரி. பாடப்புத்தகப் பழக்கத்தில் எல்லோரும் பொருத்தக் காரணியை (அன்ரெனா எடுக்கும் வலுவுக்கும் குழியின் சுவரில் இழக்கும் வலுவுக்கும் உள்ள விகிதம்) 1-இல் வைப்பார்கள், தெறிப்பு முழுதாக மறையும், பார்க்கத் திருப்தி. தேடும் வேகத்துக்கு 2 நல்லது. குழியில் இருந்து கொஞ்சம் கூடுதலாகவே உறிஞ்ச வேண்டும். பரிவு அகலமாகி ஒரே தடவையில் அதிக மீடிறன்களைக் கேட்கலாம்.

யூன் 29

தங்கச்சி மறுபடி வந்து ஒரு நியாயம் கேட்டிருக்கிறார்: "கியூ முதலாம் அடுக்கில்தான் என்றாலும் ஐந்து மடங்கு கூடினால் வேகமும் ஐந்து மடங்குதானே? அதை ஏன் விடுவான்?"

விடத் தேவையில்லை. செப்பைக் குளிரவைத்துக் கியூவை ஏற்றுவதற்கு எல்லை உண்டு. 4 கெல்வினில் தூய செப்பின் கடத்துதிறன் நூறு மடங்கு ஏறினாலும் இந்த மீடிறன்களில் கியூ சில மடங்குதான் ஏறும், ஏனெனில் இலத்திரன் மோதாமல் ஓடும் தூரம் தோல் ஆழத்தைவிட நீண்டுவிடுகிறது. ஆகவே காந்தப்புலத்தைத் தாங்கும் மீக்கடத்தி கிடைத்தால் அது பெரிய வரம்தான். காப் மையம் செய்தது இது: குழியை நெடுக்காகப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் இற்றியம் பேரியம் செப்பு ஒட்சைட்டு என்ற மீக்கடத்தி நாடாவை ஒட்டிச் சேர்த்துக் கட்டினார்கள். 8 ரெஸ்லாவிலும் கியூ மூன்று லட்சத்துக்கு மேல் நின்றது. பன்னிரண்டு இடத்தில் ஒட்டு, எல்லாம் மின்னோட்டத்தின் திசையில். கன்னாதிட்டி ஐயாவின் ஒட்டு பற்றி மே 19-இல் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள்.

பத்து லட்சத்தைத் தாண்டியும் கியூ பயன்படுமா என்பதில் ஒன்று சேர்க்க வேண்டும். வலு நின்றுவிடும் என்று முதல் இரவு எழுதியது சரி. ஆனால் அகலம் குறைந்த குழியில் வெப்ப இரைச்சலும் குறுகிய பட்டைக்குள் அடங்குவதால் தேடும் வேகத்தின் கணக்கு வலுவின் கணக்கோடு ஒட்டாது. அதைத் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன், யாராவது முந்திக்கொண்டால் இங்கேயே எழுதுங்கள்.

யூலை 6

வரைபடம் கேட்டவர்களுக்கு. மூடியின் வரம்பு அகலம் 1 மில்லிமீற்றர், உயரம் 0.3. போல்ட் எட்டுக்குக் குறையக் கூடாது, எதிரெதிராக இறுக்குங்கள். கோலின் முனைக்கும் மூடிக்கும் இடையே விடும் வெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பெரிதாக விட்டால் மின்புலம் அந்த வெளிக்குள் போய்க் குவிந்துவிடும். உரசினால் இன்னும் மோசம், ஒவ்வொரு நகர்வுக்கும் கியூ தாறுமாறாகக் குதிக்கும். நாங்கள் 0.2 மில்லிமீற்றர் விட்டோம். மெருகு போட்ட பிறகு உட்புறத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். கடற்காற்றில் வியர்வைக் கை பட்ட செப்பு ஒரு கிழமைக்குள் கறுத்துவிடுகிறது. அளக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பை ஒன்று உள்ளே போட்டு மூடி வையுங்கள்.

26 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டாவது உருளைக்கு ஐயா தகடு வெட்டிவிட்டார். அதன் சந்திப்புகள் எங்கே விழுகின்றன என்று அளந்ததும் போடுகிறேன்.